14 நாளில் மண்புழு சாகவில்லை என்றால் அந்த மருந்து மண்ணுக்குப் பாதுகாப்பானதா?

வேரடிமண்:
உரக்கடையில் ஒரு பூஞ்சாணக்கொல்லியின் துண்டறிக்கை கொடுத்தார்கள். "மண்புழுக்களுக்குப் பாதுகாப்பானது" என்று பச்சை எழுத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அடிப்படை என்னவென்று தேடினால், அடியில் பொடி எழுத்தில் "14 நாள் மண் சோதனை" என்று ஒரு வரி. வேறு எதுவும் இல்லை.

இது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு 1984-ல் வெளியிட்ட 207-ஆம் எண் வழிகாட்டி முறை. மருந்தைச் செயற்கை மண்ணில் பல அளவுகளில் கலந்து, புழுக்களை விட்டு, 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவுதான் எல்.சி.50. புழு முட்டைக்கூடு இட்டதா, குஞ்சு பொரித்ததா, மண்ணைத் தின்றதா என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்ததுபோல "பாதுகாப்பானது" என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இந்தச் சோதனையை மட்டும் வைத்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தடை வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகமேசை:
நான் சோதனைக்கூடத்தில் இந்த வேலையைச் செய்கிறவன். துண்டறிக்கை எழுதியவர் மீது உள்ள கோபத்தைச் சோதனையின் மீது காட்டாதீர்கள்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 70 சதவீதம் குவார்ட்ஸ் மணல், 20 சதவீதம் கயோலின் களிமண், 10 சதவீதம் பீட் பாசித்தூள். சுண்ணாம்புத் தூள் சேர்த்துக் கார அமில நிலையை (pH) 6-க்குக் கொண்டுவருவோம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு அரைக் கிலோ உலர் மண் கணக்கு, அதில் 10 புழுக்கள். கழுத்துப்பட்டை போன்ற கிளைடெல்லம் தெளிவாகத் தெரிகிற வளர்ந்த புழுக்களை மட்டுமே எடுப்போம். ஒவ்வொன்றும் 300 முதல் 600 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் நான்கு பாத்திரங்கள். ஐந்து அளவுகளும் மருந்து கலக்காத ஒரு தொகுதியும் சேர்த்தால் 240 புழுக்கள். விளக்கை அணைக்கவே மாட்டோம். வெளிச்சம் இருந்தால்தான் புழு மேலே வராமல் மருந்து கலந்த மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

7-ஆம் நாள் மண்ணைத் தட்டில் கொட்டி, ஒவ்வொரு புழுவையும் தேடி எடுத்து, தலைப்பக்கம் மெல்லத் தொட்டுப் பார்ப்போம். சுருங்கினால் உயிர் உண்டு. அசையாவிட்டால் செத்தது. செத்த புழு மண்ணில் சீக்கிரம் அழுகிக் கரைந்துவிடும் என்பதால், காணாமல் போன புழுவையும் செத்ததாகவே எழுதுவோம். மருந்தில்லாத பாத்திரங்களில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. சென்னையில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க விடை வருகிறது என்றால், அது இந்தக் கட்டுப்பாட்டால்தான். அதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

வேரடிமண்:
உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, ஐயா. விடை துல்லியமானது. ஆனால் கேள்வி சிறியது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியின் 50 சதவீதத் தூளை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 500 கிராம் தெளித்தால் அதில் செயல்படும் நஞ்சு 250 கிராம். மேல் மண் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 500 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 750 டன். முழுவதும் மண்ணில் விழுந்தால் கிலோ மண்ணுக்கு 0.33 மில்லிகிராம். செயற்கை மண்ணில் இதன் எல்.சி.50 ஏறக்குறைய 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 15 மடங்கு. ஐரோப்பிய மதிப்பீட்டில் 14 நாள் சோதனைக்கு 10 மடங்கு இருந்தாலே போதும் என்றார்கள். ஆக, தேர்ச்சி.

இப்போது இனப்பெருக்கச் சோதனை. அதே ஓ.இ.சி.டி.யின், 2004-ல் வந்த 222-ஆம் எண் முறை; 56 நாள் நடக்கும். அதில் சோதனைக்கூடம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டு நஞ்சே கார்பன்டசிம்தான்! 1 முதல் 5 மில்லிகிராமுக்குள் பாதிப்பு தெரிய வேண்டும் என்று வழிகாட்டியே சொல்கிறது. தாராளமாக 1 மில்லிகிராம் வரை பாதிப்பே இல்லை என்று வைத்தாலும் இடைவெளி 3 மடங்குதான். நீண்டகாலச் சோதனைக்குக் கேட்பது 5 மடங்கு. அதே மருந்து, அதே அளவு, அதே மண். 14 நாளில் தேர்ச்சி, 56 நாளில் தோல்வி. துண்டறிக்கை எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆய்வகமேசை:
முழு மருந்தும் மண்ணில் விழும் என்று கணக்கிட்டீர்கள். இலை மூடிய பயிரில் அப்படி நடப்பதில்லை. பாதி இலையில் தங்கினாலே உங்கள் 3 மடங்கு 6 ஆகிவிடும், தேர்ச்சியும் ஆகிவிடும்.

222-ஆம் முறையையும் நான் செய்திருக்கிறேன். 28 நாள் கழித்துத் தாய்ப்புழுக்களை எடுத்துவிட்டு, முட்டைக்கூடுகள் பொரிய இன்னும் 28 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால், சூடு தாங்காமல் நூல் போன்ற குஞ்சுகள் மேல்மண்ணுக்கு வரும். அப்போது எண்ணுவோம். மருந்தே கலக்காத பாத்திரங்களுக்குள் எண்ணிக்கை 30 சதவீதம் வரை மாறுபடலாம் என்று அனுமதி இருக்கிறது. அவ்வளவு ஆட்டம் உள்ள எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, தெளிவான எண்ணை ஒதுக்கச் சொல்கிறீர்கள்.

வேரடிமண்:
இலையில் தங்கிய மருந்து எங்கே போகிறது? உதிர்கிற இலையோடு மண்ணுக்குத்தான் வருகிறது. அந்த இலையைத்தான் புழு தின்கிறது. இங்கிலாந்து ஆப்பிள் தோட்டங்களில் பெனோமில் என்ற பூஞ்சாணக்கொல்லியைத் தெளித்தபோது நடந்ததைப் படித்திருப்பீர்கள். பெனோமில் சிதைந்து கார்பன்டசிம்தான் ஆகிறது. இலையை இழுத்து மண்ணுக்குள் கொண்டுபோகும் பெரிய மண்புழுக்கள் குறைந்து, உதிர்ந்த இலைகள் மட்காமல் தரையிலேயே கிடந்தன. உங்கள் பாத்திரத்தில் மருந்து மண்ணோடு கலந்திருக்கிறது. தோட்டத்தில் அது தீனியோடு வயிற்றுக்குள் போகிறது.

வாடல் நோய்க்கு வேர்ப்பகுதியில் மருந்தை ஊற்றும்போது இலை மறிக்கும் கணக்கும் கிடையாது.

நாட்டுப்புழு:
நான் விவசாயி. என் நிலம் செம்மண். உங்கள் சோதனைகளில் பயன்படுத்தும் ஐசீனியா ஃபெடிடா என்ற புழு என் வயலில் இல்லவே இல்லை. அது எருக்குழியிலும் மண்புழு உரத் தொட்டியிலும் வாழ்கிற சிவப்புப் புழு. மழைக்குப் பின் வரப்போரம் குருணை குருணையாக எச்சம் தள்ளுகிறதே, பதினோராம் வகுப்பு விலங்கியலில் படித்த லாம்பிட்டோ மௌரிட்டி, அதுதான் என் வயல் புழு. அதை யார் சோதித்தார்கள்?

மண்ணும் என் மண் இல்லை. 10 சதவீதம் பீட் பாசி என்கிறீர்கள். எங்கள் பக்கம் மண் பரிசோதனைச் சீட்டில் அங்கக கரிமம் அரை சதவீதம் தாண்டினாலே அதிசயம். கரிமம் மிகுந்த மண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; என் மண்ணில் அது புழுவின் தோலுக்கு நேராகப் போகும். சோதனை நடப்பதோ 20 டிகிரியில். சித்திரையில் எங்கள் மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆய்வகமேசை:
கரிமம் பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. அதனால்தான் கொழுப்பில் எளிதாகக் கரையும் மருந்துகளுக்கு எல்.சி.50 எண்ணைப் பாதியாகக் குறைத்தே மதிப்பிடும் வழக்கம் ஐரோப்பாவில் வந்தது. பீட் பாசிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்த்த வெப்பமண்டலச் செயற்கை மண்ணிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம் ஊருக்கு அது பொருந்தும். நார்க்கழிவுக்கு இங்கே பஞ்சமும் இல்லை.

ஆனால் புழு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வயலில் தோண்டி எடுத்த புழுவின் வயது தெரியாது. அது ஏற்கெனவே எந்த மருந்தைத் தின்றது என்றும் தெரியாது. ஐசீனியா தொட்டியில் வேகமாகப் பெருகும்; ஒரே வயதில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் இரண்டு மருந்துகளை எப்படி ஒப்பிடுவது?

வேரடிமண்:
ஒப்பிட ஐசீனியா போதும். காப்பாற்றப் போதாது. பல ஆய்வுகளின் எண்களைத் திரட்டி 2013-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, வயல்களில் வாழும் அப்போரெக்டோடியா போன்ற இனங்களைவிட ஐசீனியா மருந்தைத் தாங்கும் புழு என்றே காட்டியது. தாங்கும் புழுவைச் சோதித்துவிட்டுத் தாங்காத புழுவுக்கு நற்சான்றிதழ் தருகிறோம்.

பயிர்க்காவலன்:
யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். நான் மஞ்சள் போடுகிறவன். கிழங்கழுகல் வந்தால் ஒரு வாரத்தில் பாத்தி பாத்தியாகப் போய்விடும். நீங்கள் சோதனைக்கு மேல் சோதனை கேட்டால் மாட்டிக்கொள்வது புதிதாகப் பதிவுக்கு வரும் மருந்துகள்தான். பழைய மருந்துகள் எப்போதோ பதிவாகி, கடை அலமாரியில் அப்படியே இருக்கின்றன. மத்திய அரசு 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டதே, அதில் கார்பன்டசிமும் இருந்தது. வரைவு வந்ததும் பரபரப்பாகப் பேசினோம். அதன் பிறகும் கடைக்குப் போனால் எனக்கு அதே பொட்டலத்தைத்தான் எடுத்துத் தந்தார்கள்.

இயற்கை வழி என்று போர்டோ கலவையை, அதாவது தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையைச் சிபாரிசு செய்கிறவர்களையும் கேட்கிறேன். தாமிரம் சிதைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் அப்படிச் சேர்ந்த தாமிரம் புழுவுக்கு நல்லதா? ரசாயன மருந்தை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வேரடிமண்:
தாமிரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதுவே என் வாதத்துக்கும் வலு. 14 நாளில் கொல்லாத அளவு, பல ஆண்டுகள் சேர்ந்த பின் என்ன செய்யும் என்பதை 14 நாள் சோதனை காட்டவே காட்டாது.

சோதனைகளை அடுக்கச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் தரவு விதிகளைத் திருத்தியபோது, மண்புழுவுக்கான குறுகியகால மரணச் சோதனையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இனப்பெருக்கத்தைப் பார்க்கும் சோதனையைக் கேட்டது. பழைய மருந்துகளையும் அதே சோதனைக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்றால், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

நாட்டுப்புழு:
56 நாள் சோதனைக்கு என் போன்றவன் எங்கே போவது? என் மண்ணையே வைத்துப் பார்க்க வழி இருக்கிறதா?

ஆய்வகமேசை:
இருக்கிறது, ஐயா. விலகல் சோதனை என்று பெயர், ஐ.எஸ்.ஓ. 17512 தர முறை. ஒரு பெட்டியை நடுவில் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மருந்து பட்ட மண், மறுபக்கம் அதே நிலத்தில் மருந்து படாத மண். தடுப்பை எடுத்துவிட்டு, கோட்டின் மேல் 10 புழுக்களை விடுங்கள். 48 மணி நேரம் கழித்துத் தடுப்பைத் திரும்பச் செருகி, இருபுறமும் எண்ணுங்கள். ஐந்து பெட்டிகளாவது வையுங்கள். மருந்து பட்ட பக்கம் மொத்தப் புழுக்களில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அந்த மண் புழு வாழத் தகுதி குறைந்தது என்று பொருள். இரு பக்கமும் ஈரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புழு மருந்தைவிட்டு விலகாமல் ஈரத்தைத் தேடிப் போயிருக்கும்.

வேரடிமண்:
நல்ல முறை. ஒரு எச்சரிக்கை மட்டும்: புழுவால் உணர முடியாத நஞ்சுகளும், உணர்ந்தாலும் நகர முடியாதபடி நரம்பைத் தாக்கும் மருந்துகளும் உண்டு. புழு விலகவில்லை என்பதை வைத்து யாரும் இன்னொரு துண்டறிக்கை அடித்துவிடக் கூடாது.

ஆய்வகமேசை ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். "ஐசீனியா ஃபெடிடா, செயற்கை மண், 14 நாள், மரணம் மட்டும் பார்க்கப்பட்டது, இனப்பெருக்கம் பார்க்கப்படவில்லை" என்று அந்தத் துண்டறிக்கையில் அச்சிடச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

ஆய்வகமேசை:
அந்த வரிக்கு இன்றே கையெழுத்துப் போடுவேன். என் அறிக்கைகளில் நான் எழுதுவதும் அதுதான். "பாதுகாப்பானது" என்ற சொல்லை நான் ஒருபோதும் எழுதியதில்லை. ஆனால் 14 நாள் சோதனையைக் கைவிடச் சொன்னால் மறுப்பேன். மருந்து கொட்டிப்போன இடத்திலும், ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்திலும் முதல் இரண்டு வாரத்தில் விடை தேவைப்படும்போது, 56 நாள் காத்திருக்க முடியாது.