கண்ணாடி டம்ளர் மெழுகுவர்த்திக்கு எந்தத் திரி சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கேக்கோடு வீட்டில் செய்த மெழுகுவர்த்தியும் கொடுக்க ஆசை. கேக் பற்றிக் கவலையில்லை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, சிறு தீயில் வைத்தால் ரவை கேக் அழகாக வந்துவிடுகிறது.

மெழுகில்தான் உதவி வேண்டும். பாரஃபின் மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குகிறேன். (புதிதாகச் செய்பவர்கள் நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடிபோட்டுத்தான் அணைக்க வேண்டும்.) 7 சென்டிமீட்டர் அகல டம்ளர், நடுவில் பருத்தித் திரி. ஏற்றினால் திரியைச் சுற்றி மட்டும் கிணறு மாதிரி இறங்குகிறது, ஓரத்து மெழுகு உருகாமல் அப்படியே நிற்கிறது. கடைசியில் சுடர் உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துவிடுகிறது. முதல் தடவை ஏற்றும்போதே ஓரம் வரை உருகவிட வேண்டும் என்பார்கள். மணிக்கணக்கில் எரியவிட்டாலும் ஓரம் அசையவில்லை.

திரி மெலிசாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் தடித்த திரி போட்டால் புகை கக்கி, கண்ணாடி கருத்துவிடுகிறது. இந்த அகலத்துக்கு இரண்டு மெல்லிய திரி வைக்கலாமா? சோயா மெழுகு கலந்தால் மாறுமா? 100 கிராமுக்கு 6 கிராம் வாசனை எண்ணெய் சேர்க்கிறேன், அதையும் குறைக்கணுமா?

அப்புறம், மதுரைப் பக்கம் பின்னல் திரி அளவு பார்த்துச் சில்லறையாக வாங்கக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். செய்து பழகியவர்கள் உங்கள் டம்ளர் அகலத்தையும் திரியையும் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி.