டிபிக்கு மாத்திரை போதும்னு ஒரு ஆராய்ச்சி, சோறும் வேணும்னு இன்னொரு ஆராய்ச்சி: எதை நம்புறது?

புளியந்தோப்பு மணி | ஞாயிறு காலை 7:40

மச்சானுக்குப் போன மாசம் டிபின்னு சொல்லிட்டாங்க. ஆறு மாச மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இப்ப வீட்ல சண்டையே வேற. அக்கா முட்டை, பால், ஆட்டுக்கால் சூப்புன்னு ஓடிக்கிட்டிருக்கு. அக்காவோட மாமனார், "மாத்திரையை ஒழுங்கா போட்டா போதும், சூப்புல என்ன இருக்கு"ன்னு முறைக்கிறார்.

நைட்டு உக்காந்து தேடினா ரெண்டு பேருக்குமே ஆதாரம் கிடைக்குது. 1956-ல சேத்துப்பட்டுல டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சு, ஒரு பாதிப் பேரை சானடோரியத்துலயும் (டிபிக்காரங்களைத் தங்க வெச்சுப் பாக்கற ஆஸ்பத்திரி) மீதிப் பேரை அவங்கவங்க வீட்லயும் வெச்சு, ஒரே மருந்தைக் கொடுத்துப் பாத்திருக்காங்க. 1959-ல முடிவு வந்துச்சு. வீட்ல அரைவயித்துச் சாப்பாடு, வேலைக்கும் போறாங்க, ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணம். மாமனார் கட்சி ஜெயிச்சுது.

அப்புறம் 2023-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஜார்க்கண்ட் ஆராய்ச்சி. 'ரேஷன்ஸ்'னு பேரு. டிபி வந்தவங்க வீட்ல மத்தவங்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்ததுல புதுசா டிபி வர்றது 39% குறைஞ்சுதாம். அதுலயும் நம்ம சேத்துப்பட்டு மையத்துக்குப் பங்கு இருக்கு! ஒரே ஆபீஸ், ரெண்டு பதில். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பருப்புசாதம் | 8:05

இதில் குழப்பமே இல்லை. பசிதான் டிபியின் தாய். அரிசி பருப்பைக் கொடுத்தே 39% குறைத்திருக்கிறார்கள். சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48%. எவனாவது கம்பெனிக்காரன் இப்படி ஒரு மாத்திரை கண்டுபிடித்திருந்தால் டிவியில் வெடி வெடித்திருப்பார்கள். பருப்பு என்பதால் யாருக்கும் பரபரப்பு இல்லை.

இன்னொன்று: அதே திட்டத்தில் நோயாளிகளுக்கும் உணவு கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61% குறைவு. மாமனாரிடம் இதைக் காட்டுங்கள் மணி.

எண்கணக்கன் | 8:31

பருப்புசாதம் இரண்டு எண்களை ஒரே தட்டில் வைத்துவிட்டார். 39-ம் 61-ம் ஒரே ஜாதி இல்லை.

39% வந்தது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்விலிருந்து. நான்கு மாவட்டங்களில் 28 டிபி யூனிட்களை (டிபி சிகிச்சையைக் கவனிக்கும் பகுதிப் பிரிவுகள்) குலுக்கி, சில இடங்களில் வீட்டாருக்கு உணவு, சில இடங்களில் இல்லை. ஒப்பிட ஆள் இருந்தார்கள். ஆனால் நோயாளிகள் 2,800 பேருக்கும், எந்தப் பக்கம் இருந்தாலும், உணவு கொடுத்துவிட்டார்கள். உணவு கிடைக்காத நோயாளி என்று அந்த ஆய்வில் யாருமே கிடையாது. அப்புறம் 61% எங்கிருந்து வருகிறது? எடை கூடியவரையும் கூடாதவரையும் ஒப்பிட்டதில். மருந்து நன்றாக வேலை செய்கிறவனுக்குப் பசி எடுக்கும், எடை கூடும், பிழைப்பான். உள்ளே நோய் முற்றியவனுக்குத் தட்டில் பிரியாணி வைத்தாலும் இறங்காது. எடை கூடியதால் பிழைத்தானா, பிழைக்கப் போகிறவன் என்பதால் எடை கூடியதா? அந்த எண்ணுக்கு இதைச் சொல்லத் தெரியாது.

39-க்கும் ஒரு சின்னக் கணக்கு. உணவு கிடைக்காத வீடுகளில் 4,712 பேரில் 122 பேருக்கு டிபி, அதாவது 2.6%. கிடைத்த வீடுகளில் 5,602 பேரில் 96 பேர், 1.7%. நூறு பேருக்கு வித்தியாசம் ஒரு ஆள்கூட இல்லை.

பருப்புசாதம் | 8:52

61% விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாது. வாபஸ்.

ஆனால் "ஒரு ஆள்கூட இல்லை" என்று தள்ளுவது என்ன நியாயம் சார்? ஆய்வாளர்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்: 30 வீட்டுக்கு உணவு கொடுத்தால் ஒரு டிபி தடுக்கப்படும். 30 வீட்டுக்கு அரிசி, பருப்பு. ஒரு டிபி என்பது ஒரு ஆள் மட்டுமா? அவன் இருமுகிற பஸ், அவன் பிள்ளைகள், அவன் இழக்கிற கூலி, கடன். அந்த 30 வீட்டில் டிபி வராத மற்றவர்களும் சும்மா போகவில்லை, சாப்பிட்டிருக்கிறார்கள். பக்கவிளைவு என்ன? வயிறு நிறையும்.

நாட்டுமருந்து நண்பன் | 9:00

ஆடாதோடை இலை, திப்பிலி இரண்டும் போதும். அலோபதிக்காரன் சொல்ல மாட்டான்.

ஹெல்த் விசிட்டர் | 9:14

நண்பா, ஆடாதோடைக் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்க வீட்டுக்குத்தான் நான் படியேறிப் போறேன். மாத்திரையோட கஷாயம் குடிக்கணும்னா டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க, மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க. இதோட இதை விட்டுடலாம்.

விஷயத்துக்கு வர்றேன். பதினேழு வருஷமா டிபி வீடு வீடா போறவ நான். ஆராய்ச்சிப் பேப்பர்ல 'நோயாளிக்கு உணவு'ன்னு எழுதிருவாங்க. அந்தப் பை வீட்டுக்குள்ள போனதும் என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். ஒரு வீட்ல பால் பவுடர் பாக்கெட் கொடுத்துட்டு வந்தேன். அடுத்த வாரம் போனா டப்பா காலி. நோயாளி அந்த வீட்டு அப்பா, பெயிண்டர். "நீங்க குடிச்சீங்களா"ன்னா சிரிக்கிறார். பின்னாடி மூணு பிள்ளைங்க, மூணு பேர் கையிலயும் டம்ளர். எந்த அப்பன் பிள்ளைங்களைப் பாக்க வெச்சுட்டுத் தனியா பால் குடிப்பான்?

ஜார்க்கண்ட்காரங்க வீட்ல எல்லாருக்கும் கொடுத்தாங்க பாருங்க, பெரியவங்களுக்கு ஆளுக்கு மாசம் அஞ்சு கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. வீட்டைப் பாத்தவங்க போட்ட திட்டம் அது. நம்ம அரசு கொடுக்கறது மாசம் ஆயிரம், 2024 நவம்பருக்கு முன்னாடி ஐநூறு, அதுவும் நோயாளி கணக்குல மட்டும்.

எண்கணக்கன் | 9:40

அக்கா சொன்னதை மறுக்க மாட்டேன். என் சந்தேகம் வேறு. ஜார்க்கண்ட் முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குத் தூக்கி வரலாமா?

அந்த வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா, ஓராவோன் போன்ற பழங்குடி மக்கள். 34% பேர் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள். நம் ஊரில் அரிசி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ரேஷன் அரிசி இலவசம். இங்கே டிபிக்குக் கதவு திறந்துவிடுவதில் சர்க்கரை நோய்க்குப் பெரிய பங்கு. 2012-ல் வந்த தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில் டிபி நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை. அந்த வீட்டுக்கு இன்னும் அஞ்சு கிலோ அரிசியா கொடுப்பீர்கள்?

அடுத்தது, ஆய்வு நடந்தபோது வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தடுப்பு மாத்திரை வழக்கத்தில் இல்லை, சின்னக் குழந்தைகளுக்குத்தான். இப்போது எல்லோருக்கும் உண்டு. தடுப்பு மாத்திரை போட்ட பிறகும் பருப்பு அதே அளவு உதவுமா? யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவு கொடுக்கிற வீட்டில் ஆய்வாளருக்குக் கதவு திறக்கும், கொடுக்காத வீட்டில் திறக்காது.

பருப்புசாதம் | 10:06

கடைசிப் பாயிண்ட் உங்களையே கடிக்கும் சார். உணவு வீடுகளில் 94.8% பேரைக் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள், மற்ற வீடுகளில் 90.7%. கதவு திறக்காத வீட்டில் டிபி இருந்தால் கணக்கில் வராமல் போகும். அதாவது உணவு இல்லாத பக்கம்தான் எண் குறைந்திருக்கும். உண்மை வித்தியாசம் 39-ஐவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம்.

ரேஷன் அரிசி சரி, பருப்பு? இங்கே ஒரு கார்டுக்கே மாதம் ஒரு கிலோ துவரம்பருப்புதான். அஞ்சு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ. அங்கே கொடுத்தது ஆளுக்கு ஒன்றரை. நம் ஏழையின் தட்டில் குறைவது சோறு இல்லை, சோற்றுக்கு மேலே ஊற்றுவது. சர்க்கரை வீட்டுக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பு, முட்டை கூட்டுங்கள். அதற்காக உணவே வேண்டாம் என்றா அர்த்தம்?

எண்கணக்கன் | 10:19

கதவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்தத் திசையில் நான் யோசிக்கவில்லை. முட்டையும் பருப்பும் தமிழ்நாட்டில் டிபியைத் தடுக்கும் என்பதற்கு மட்டும் இங்கே ஒரு ஆய்வு நடக்கட்டும். அதுவரை "தடுக்கும்" என்று எழுத மாட்டேன், "தடுக்கலாம்" என்றுதான் எழுதுவேன்.

பருப்புசாதம் | 10:22

நீங்கள் 'லாம்' போட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

தாம்பரம் தாத்தா | 11:15

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு எழுபத்தேழு வயது. என் மூத்த அண்ணன் சேத்துப்பட்டில் மருந்து வாங்கியவர். அந்த ஆய்விலேயே இருந்தாரா, பிறகு சேர்ந்தாரா என்பது நினைவில்லை, எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. பி.ஏ.எஸ். என்று ஒரு மருந்து. இன்றைய மாத்திரை மாதிரி இல்லை. பெரிய பெரிய வில்லைகளாகக் கை நிறைய இருக்கும், விழுங்கினால் குமட்டும். அண்ணன் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டு விழுங்குவார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சிறுநீர் வாங்கிப் போவார்கள், மருந்து சாப்பிட்டானா என்று பார்க்க. எங்களையும் வரிசையாக நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள்.

சாப்பாடு? கேழ்வரகுக் கூழ், கருவாடு. அம்மா அண்ணனுக்கு முதலில் ஊற்றுவாள், மிஞ்சியது எங்களுக்கு, பானையைக் கழுவின தண்ணீர் அவளுக்கு. அண்ணன் பிழைத்து எண்பது வயதுவரை இருந்தார்.

மணி தம்பி கேட்டதற்கு நான் புரிந்துகொண்டது இது. அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்வி, "இந்தக் கிருமியைக் கொல்ல சானடோரியம் கட்டில் வேண்டுமா?" 193 பேரை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் சளியில் கிருமி அடங்கியது வீட்டில் 86% பேருக்கு, சானடோரியத்தில் 92%. கட்டில் வேண்டாம் என்று ஆயிற்று. கட்டிலுக்காக வரிசையில் காத்திருந்த ஆயிரக்கணக்கானவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. "சோறு வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை தம்பி. சோறு இல்லாதவனுக்கும் மருந்து வேலை செய்யும் என்றார்கள். ஜார்க்கண்டில் கேட்டது படுத்தவனைப் பற்றிய கேள்வியே இல்லை. அவன் பக்கத்தில் படுக்கிறவனைப் பற்றியது.

எண்கணக்கன் | 11:28

ஐயா, நான் மூன்று பதிவில் இழுத்ததை நீங்கள் கிணற்றடியிலேயே முடித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1959-ல் வீட்டிலிருந்தவர்களைவிட சானடோரியத்திலிருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியது. எடை கூடியும் கிருமி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் எடை என்கிற அளவுகோலைத் தனியாக வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்கிறேன்.

ஹெல்த் விசிட்டர் | 11:50

எடையைத் தனியா வெச்சு முடிவு எடுக்காதீங்க சார், ஆனா எடையைப் பாக்காம மட்டும் இருந்துடாதீங்க. 2022-ல இருந்து இங்க காசநோய் இறப்பில்லாத் திட்டம் ஓடுது. டிபின்னு தெரிஞ்ச அன்னைக்கே பி.எம்.ஐ. (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 14-க்குக் கீழயா, ரத்தத்துல ஆக்சிஜன் 94%-க்குக் கீழயா, பிடிக்காம எழுந்து நிக்க முடியுதா, கால் வீங்கியிருக்கான்னு பாக்கணும். அப்படி இருந்தா வீட்ல சூப்பு வெச்சுக் கொடுக்கற கதையே இல்ல, அட்மிஷன். டிபி சாவு பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துலயே நடந்துடும். ரொம்ப மெலிஞ்ச உடம்புக்குத் திடீர்னு நெறையக் கொடுத்தாலும் ஆபத்து, ஆஸ்பத்திரியில கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க.

மணி தம்பி, மச்சான் எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு? வீட்ல மத்தவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சா? அக்காவோட மாமியார் மாமனாருக்கு சுகர் பாத்தீங்களா?

புளியந்தோப்பு மணி | மாலை 6:22

பகல் முழுக்க வொர்க்‌ஷாப்ல இருந்தேன், இப்பத்தான் படிச்சேன். எல்லாருக்கும் நன்றி. மச்சான் 46 கிலோ, அஞ்சடி ஆறு அங்குலம். நிக்கறார், நடக்கறார், கால் வீக்கம் இல்ல.

தாத்தா எழுதினதை மாமனாருக்குப் படிச்சுக் காமிச்சேன். "பாத்தியா, மருந்துதான்னு சொல்றாங்க"ன்னார். அக்கா, "பக்கத்துல படுக்கறவனுக்குன்னு எழுதியிருக்கே, அது உங்களுக்குத்தான்"னு ஒரு முட்டையை அவர் தட்டுல வெச்சுது. சாப்பிட்டுட்டார். இப்போதைக்கு சண்டை இல்ல.

சுகர் கேட்டீங்களே ஹெல்த் விசிட்டர் அக்கா. தெருமுனை லேப்ல எல்லாருக்கும் பாத்தோம். மாமியாருக்கு 268. இதுவரை யாருக்கும் தெரியாது. ரெண்டு மூணு வாரமா இருமறாங்க, தூசின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க.

ஹெல்த் விசிட்டர் | 6:25

நாளைக்குக் காலைல எழுந்ததும் முதல் சளி, வாய் கொப்பளிச்சுட்டு டப்பாவுல எடுக்கச் சொல்லுங்க. எச்சில் வேணாம், நெஞ்சிலேருந்து வரணும். எக்ஸ்ரேவும் நாளைக்கே. ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேணாம். உங்க ஏரியா சென்டர் எதுன்னு தனிச்செய்தியில அனுப்புங்க.

எண்கணக்கன் | 6:41

சுகர் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள் மணி. டிபி மையத்தில் கேட்பார்கள்.