சுவரில் தட்டும் சத்தம்

உடன்பிறந்தவரை இழந்தவரின் துக்கத்தையும் குற்ற உணர்வையும் வைத்து எடுக்கப்படும் திகில் குறும்படங்களில், இறந்தவர் வெளிறிய முகத்தோடு வந்து நின்று, "என்னை ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்கும் காட்சி அநேகமாக இடம்பெற்றுவிடுகிறது. அந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்பட்டதுமே எனக்குப் பயம் விட்டுப்போகிறது. ஏனெனில் கேட்ட கேள்விக்கு, அழுதோ கெஞ்சியோ, ஏதேனும் ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். எனக்கு நேர்ந்தது அப்படிப்பட்டதன்று.

என் அக்காவுக்குச் சிறுவயது முதலே ஆஸ்துமா. இரவில் மூச்சிரைக்கும்போது குரல் எழும்பாது என்பதால், எங்கள் இருவரின் அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரை விரல் முட்டியால் இருமுறை தட்டுவாள்; நான் எழுந்துபோய் இன்ஹேலரைக் குலுக்கிக் கையில் கொடுத்து, மூச்சு சீராகும்வரை அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பேன். அவள் இறந்த இரவில் தட்டினாளா என்பது எனக்குத் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். உறவினர்கள் கலைந்து வீடு அடங்கிய பிறகு, விடியற்காலை வேளைகளில் அதே இரண்டு தட்டல்கள் கேட்கத் தொடங்கின. விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் அறைக்குள் போனால், உறை மாற்றிய தலையணையும் மருந்து தீர்ந்த இன்ஹேலரும் தவிர வேறொன்றும் இராது. போகாமலே படுத்திருக்கலாம் என்றாலோ, இந்த முறை நிஜமாகவே தட்டியிருந்தால் என்ற எண்ணம் எழுப்பி உட்காரவைத்துவிடும்.

தயங்கித் தயங்கி இதை ஒரு மருத்துவரிடம் சொன்னபோது அவர் சற்றும் வியக்கவில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையை இழந்த 293 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர், இறந்தவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ, அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ கூறியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதை வெளியே சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்ததாம். எனக்கு அப்படி இல்லாமல் போனதற்கு, அந்தச் சத்தத்தில் அக்காவோடு என் தூக்கமும் கலந்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அண்மையில் பார்த்த ஒரு குறும்படத்தில், தம்பியை இழந்த பெண்ணுக்கு அவன் முகத்தைக் காட்டாமல், அவன் உதவிக்கு அழைத்த விதத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்திருந்தார்கள். அதுவரை எல்லாம் மெய்யாக இருந்தது. முடிவில் அவன் வந்து அவளை மன்னித்து அணைத்துக்கொள்ளும் காட்சியைச் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் மன்னித்தாளா என்பதன்று, தட்டினாளா என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.