ரேக் இருந்த இடத்தில் நாற்காலி: ஹன்ட் லைப்ரரி அனுபவங்கள்

ராலே முன்னாள் மாணவர்:

அமெரிக்காவில் ராலே நகரில் இருக்கும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். அங்கிருக்கும் ஹன்ட் லைப்ரரியை ஒரு வகுப்பறை போலவே பயன்படுத்தியவன் நான். அங்கே படித்தவர்களும், வேறு எங்காவது புதுப்பித்த கல்லூரி லைப்ரரியில் உட்கார்ந்தவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

அந்தக் கட்டடம் எழுந்ததற்கே காரணம் இடப் பற்றாக்குறைதான். நூறு மாணவர்களில் ஐந்து பேருக்குக்கூட பல்கலைக்கழக லைப்ரரியில் உட்கார இடமில்லை என்ற நிலைமை. இருபது பேருக்காவது இடம் வேண்டும் என்பது மாநில அளவுகோல். வரிசை வரிசையாக ரேக் போட்டுக்கொண்டே போனால் இது தீராது. ஆகவே 2013 ஜனவரியில் ஹன்ட் லைப்ரரி திறந்தபோது, பெரும்பாலான புத்தகங்களை இயந்திரக் கிடங்கு ஒன்றுக்குள் வைத்துவிட்டார்கள். புக்பாட் என்று பெயர். 18,000க்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள். 20 லட்சம் தொகுதிகள் வரை கொள்ளும். வழக்கமான ரேக் அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போதும்.

தரைத்தளத்தில் கண்ணாடிச் சுவர் வழியாக அதைப் பார்க்கலாம். கேட்லாக்கில் புத்தகத்தைக் கேட்டதும் கிரேன் ஓடிப்போய் உரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வரும். அதிலிருந்து புத்தகத்தை எடுத்து பார்கோடைச் சரிபார்ப்பது ஊழியர்தான். பெட்டிக்குள் பாட வாரியாக அடுக்குவதில்லை, அளவு வாரியாகத்தான். சிக்னல் ப்ராசஸிங் புத்தகத்துக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை பற்றிய புத்தகம் இருக்கும். இயந்திரத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

இப்படி மிச்சமான இடத்தில் கிட்டத்தட்ட நூறு குழு அறைகள். வெள்ளைப் பலகை, பெரிய திரை, உருட்டி நகர்த்தும் நாற்காலிகள். அசைன்மென்ட் சமன்பாட்டைப் பலகையில் ஒருவன் எழுத, இன்னொருத்தி அழித்துத் திருத்த, பாதி படிப்பு எனக்கு அங்கேதான் நடந்தது. புது லைப்ரரி என்றாலே எல்லோரும் ரோபோவைத்தான் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ரோபோ மிச்சம் பிடித்துக் கொடுத்த நாற்காலிதான் பெரிய விஷயம்.

ஓய்வுபெற்ற நூலகர், சென்னை:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. நூலகவியல் அறிஞரும் சீர்காழிக்காரருமான ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். வாசகர் தாமே ரேக் வரை போய்ப் புத்தகத்தை எடுக்கும் திறந்த அடுக்கு முறைக்காக வாதாடி, அதை அங்கே கொண்டுவந்தவர் அவர். தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்று ஆராய்ச்சியின் திசையையே மாற்றியதாகச் சொன்ன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் போன புத்தகம் தானாக யார் கண்ணிலும் படாது. அதே சமயம், 1931இல் அவர் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. உங்கள் கிரேன் அதைச் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துப் புத்தகத்துக்கு என்ன வழி செய்திருக்கிறார்கள்?

ராலே முன்னாள் மாணவர்:

ஐயா, கேட்லாக்கில் ஒரு புத்தகத்தைத் திறந்தால், ரேக்கில் அதற்கு முன்னும் பின்னும் எவை இருந்திருக்குமோ அவற்றின் அட்டைகளைத் திரையில் வரிசையாகப் பார்க்கலாம். எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் கையில் எடுத்து நாலு பக்கம் புரட்டுவதற்கு அது ஈடாகாது. நீங்கள் சொல்வது உண்மையான இழப்புதான்.

ஆங்கில இலக்கிய ஆய்வாளர்:

நான் அங்கே மாணவி இல்லை, ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். மூன்று சுவர்களிலும் படம் விழும் அறை ஒன்று அங்கே உண்டு. அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வால் குழுவின் 'வர்ச்சுவல் பால்ஸ் கிராஸ்' திட்டத்தை அங்கே கேட்டேன். 1622 நவம்பர் 5ஆம் தேதிக்காகக் கவிஞரும் பாதிரியாருமான ஜான் டன் எழுதிய பிரசங்கம். லண்டன் செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் திறந்த வெளியில் பேசுவதாக இருந்தது. அந்தத் தேவாலயம் 1666 தீயில் போய்விட்டது. பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து வளாகத்தைக் கணினியில் எழுப்பி, சுவரில் ஒலி எப்படிப் பட்டுத் திரும்பும் என்று கணக்கிட்டு, நடிகரின் குரலை அதற்குள் வைத்திருக்கிறார்கள். கூட்டம் 500 பேராக இருந்தால் எப்படிக் கேட்கும், 5,000 பேராக இருந்தால் எப்படி என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். மேடைக்கு அருகில் தெளிவாக இருந்த வாக்கியம், தள்ளி நின்றால் பேச்சுச் சத்தம், நாய்க் குரைப்பு, குதிரை, மணியோசையோடு கலந்து வருகிறது. டன் ஏன் ஒரே கருத்தைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று அச்சில் படித்தபோது எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

அங்கேயே பேராசிரியர் விக்டோரியா கல்லகர் குழு செய்த மார்ட்டின் லூதர் கிங் திட்டமும் உண்டு. 1960 பிப்ரவரி 16, டர்ஹம் நகரின் ஒயிட் ராக் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கிங் பேசிய பேச்சு. வெள்ளையருக்கு மட்டுமான உணவக இருக்கைகளில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து நடத்திய கிரீன்ஸ்பரோ மறியல் தொடங்கி இரண்டே வாரம் ஆகியிருந்தது. ஒலிப்பதிவு இல்லை, அந்தத் தேவாலயக் கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். 2014இல் ஒரு குரல் கலைஞரைச் சபையார் முன்னிலையில் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நடுவே 'ஆமென்' என்று கூட்டம் குரல் கொடுக்கும்போது பேச்சின் வேகமே மாறுகிறது. புத்தகத்தால் தர முடியாததைத் தரும்போதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு லைப்ரரியில் வேலை என்று நினைக்கிறேன்.

உதவி நூலகர், பொறியியல் கல்லூரி:

அக்கா சொல்வதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வருவதற்கு முன், கண்ணில் மாட்டி மெய்நிகர் காட்சி பார்க்கும் வி.ஆர். ஹெட்செட்டுகள் வாங்கினார்கள். குழு வந்து போனதும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. ஒரு செமஸ்டர் கழித்து எடுத்தால் சார்ஜ் இல்லை. சார்ஜ் போட்டால் அப்டேட் கேட்டது. அப்டேட் போட்டால் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. கணக்கு, வேலையை விட்டுப்போன ஒரு சாரின் பெயரில் இருந்தது. தப்பு ஹெட்செட்டில் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை, எந்தப் பாடத்துக்கு என்றும் யாரும் யோசிக்கவில்லை. அதே கல்லூரியில் ரீடிங் ஹாலில் மேஜைக்கு மேஜை பிளக் பாயின்ட் வைத்து, இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகளெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

ராலே முன்னாள் மாணவர்:

தம்பி, அங்கே ஹெட்செட், கேமரா, லேப்டாப் எல்லாவற்றையும் புத்தகம் போலவே இஷ்யூ செய்கிறார்கள். கவுன்ட்டரில் கேட்டு வாங்கி, தவணைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பீரோ சாவி ஒருவர் கையில் இருக்கும்வரை எதுவும் நடக்காது. இப்போது இருக்கும் கல்லூரியில் வாய்ப்பு வந்தால், முதலில் லைப்ரரியின் பெயரில் பொது மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஹெட்செட்டை, புத்தகங்களை வரவு வைக்கும் அக்சஷன் ரெஜிஸ்டரில் ஏற்றி எண் போடுங்கள். சிவில் துறையில் ஆர்வமுள்ள ஒரு பேராசிரியரைப் பிடித்து ஒரே ஒரு பாடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். கட்டட மாடலுக்குள் நடந்து பீம் எங்கே வருகிறது என்று பார்க்கும் பாடம் தோதாக இருக்கும். மாணவர் இருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் சார்ஜ் போடுவதும் துடைத்து வைப்பதும் அவர்கள் பொறுப்பு. எந்த மென்பொருள் என்று பேச வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.