430-ஆ, 645-ஆ? செட்டும் ரன்னும்

பழைய வாத்தியார்: ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் ‘ரன்’தானாம், ‘செட்’ என்று சொல்பவர்கள் பாட்டி காலத்து ஆட்களாம். நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நான் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை புரட்டியவன். செட்டுக்கு 430 பொருள், அதை விளக்க 60,000 சொல். போதுமா?

ரன்னர்: அந்தத் தம்பி நான்தான். அது பழைய பதிப்பு, ஐயா. மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள். மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். நாம் தேர்தலில் நிற்கிறோம், அமெரிக்காவில் ஓடுகிறார்கள்.

பழைய வாத்தியார்: 430 அச்சில் இருக்கிறது, நூலகத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் 645 இணையத்தில். இணையத்தில் என் வயதுகூட 35தான்.

சைட் இன்ஜினியர்: எதை ஒரு பொருள் என்று எண்ணுகிறீர்கள்? ஜெல்லி உறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட். தண்ணீர் சேர்த்து அரை மணிக்குள் செட் ஆகத் தொடங்கினால் அந்தச் சாதா சிமென்ட் சோதனையில் தேறாது. பத்து மணிக்குள் முழுக்க ஆகியிருக்கவும் வேண்டும். இது ஒரு பொருளா, இரண்டா?

பழைய வாத்தியார்: நன்றி. செட் பக்கம் ஒரு ஓட்டு.

சைட் இன்ஜினியர்: சார், நான் கேள்விதான் கேட்டேன்.

ரன்னர்: 430-ஐவிட 645 பெரிசு. அவ்வளவுதான்.

வேர்ச்சொல்: செட் ஒரே சொல்லே இல்லை. ‘வை’ என்னும் வினை பழைய ஆங்கிலம். ‘தொகுதி’ என்னும் பெயர்ச்சொல்லில் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் ‘செக்டா’ கலந்திருக்கிறது. அண்ணன் தம்பி சம்பளத்தை ஒரே ஆள் கணக்கில் காட்டுவதா?

பழைய வாத்தியார்: வந்துவிட்டார். போன மாதம் என் பதிவில் ஒற்றுப்பிழை பிடித்த அதே மகான்.

வேர்ச்சொல்: இன்றும் ‘அகராதியை புரட்டியவன்’. ‘ப்’ எங்கே, சார்?

பழைய வாத்தியார்: தட்டச்சில் விழுந்தது! ஒரு ‘ப்’ விட்டால் 430 குறைந்துவிடுமா?

ரன்னர்: குறையாது. ஏற்கெனவே 215 குறைச்சல்தான்.

பழைய வாத்தியார்: தமிழனும் செட்டைத்தான் எடுத்துக்கொண்டான். பம்ப் செட், சினிமா செட், ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’. உங்களையும் என்னையும் போல. ரன்னுக்கு என்ன இருக்கிறது, கிரிக்கெட்டைத் தவிர?

சைட் இன்ஜினியர்: செட் தோசையை விட்டுவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஒரு செட்டுக்கு இரண்டு.

பழைய வாத்தியார்: இரண்டா? யாரோ ஏமாற்றுகிறார்கள். மூன்று. அப்புறம், 430.