நெருப்புக்கோழிப் பெரணி கோடை நடுவிலேயே கருகுகிறது. நடுவில் பழுப்புக் குச்சிகள். நோயா?

நிழல்தோட்டம்:
மரங்களுக்கு அடியில், வெயில் நேராக விழாத இடத்தில் ஐந்து நெருப்புக்கோழிப் பெரணிகளை நட்டு இது மூன்றாவது ஆண்டு. வசந்தத்தில் அவற்றின் சுருள்கள் விரிவதைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். இடுப்பளவு உயரத்தில், இறகுப்பந்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் நிற்கும். ஆனால் கோடை பாதி கழிவதற்குள் வெளிவட்ட மட்டைகளின் ஓரமும் நுனியும் பழுப்பேறிச் சுருண்டுவிடுகின்றன. இலையுதிர் காலத்துக்கு வெகு முன்பே செடி படுத்துவிடுகிறது. போதாததற்கு, இந்த ஆண்டு இரண்டு செடிகளின் நட்டநடுவில் முழ உயரத்துக்குக் கரும்பழுப்புக் குச்சிகள் விறைத்து நிற்கின்றன. பூஞ்சை என்று பயந்து ஒரு செடியில் அவற்றை வெட்டியும்விட்டேன். வாரம் இருமுறை பூவாளியால் நீர் விடுகிறேன், உரம் எதுவும் போடவில்லை. இவற்றை இழக்க மனம் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பசுங்கொடி:
எனக்கும் பூஞ்சை என்றே தோன்றுகிறது. பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பாருங்களேன்.

ஈரமண்:
தயவுசெய்து எதையும் தெளிக்காதீர்கள். அந்தக் குச்சிகள் வித்து மட்டைகள். இந்தப் பெரணியின் பச்சை மட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் அடியில் வித்துப் பொட்டுகள் இருக்காது. வித்துக்கென்றே குட்டையான தனி மட்டைகளைக் கோடையில் விடும். அவை பச்சையாகப் பிறந்து பழுப்பாக முதிரும். நெருப்புக்கோழியின் இறகைப்போல் இருப்பதால்தான் செடிக்கே அந்தப் பெயர் வந்தது. மற்ற மட்டைகள் எல்லாம் விழுந்த பிறகும் இவை பனிக்காலம் முழுவதும் நின்று, குளிர் விலகும் தறுவாயில் வித்துத்தூளை உதிர்க்கும். வெட்டியதால் செடிக்குக் கேடில்லை, மிச்சத்தை விட்டுவையுங்கள். வெண்பனிக்கு நடுவே அவை நிற்பது தனி அழகு.

கருகல்தான் கவலைக்குரியது. வெளி மட்டைகளில், ஓரத்திலிருந்து தொடங்கும் கருகல் பெரும்பாலும் தாகத்தால் வருவது. ஆற்றங்கரை வண்டலிலும் வெள்ளம் வந்துபோகும் காட்டுத் தரையிலும் செழிக்கும் செடி இது. உறையும் குளிரைச் சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் அப்பால் தாங்கும், வறண்ட மண்ணை மட்டும் தாங்காது. நிழலாக இருந்தாலும் மரத்தடி மண் பல நேரம் காய்ந்துதான் கிடக்கும். அது என்ன மரம்? ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். மட்டைகள் கிளம்பும் கொண்டை மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்றும் சொல்லுங்கள்.

நிழல்தோட்டம்:
பிர்ச் மரம். ஒரு சாண் தோண்டுவதற்குள் வேர்கள் சடைபோல் பின்னிக் கிடக்கின்றன. மேலே இரண்டு விரல் ஈரம், அதற்குக் கீழே மண் பொடியாக உதிர்கிறது. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று நான் குவித்த மரப்பட்டை மூடாக்கு கொண்டைகளை நான்கு விரல் ஆழம் புதைத்திருக்கிறது. பாசத்தில் செய்தது. விலக்கிப் பார்த்தபோது நான்கு கொண்டைகள் கெட்டியாக இருந்தன. ஒன்று மட்டும் அழுத்தினால் அமுங்குகிறது, நாற்றமும் இருக்கிறது.

ஈரமண்:
அமுங்குவது அழுகிவிட்டது, அதை எடுத்துவிடுங்கள். ஆனால் அதைச் சுற்றி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு எடுங்கள். இந்தப் பெரணி மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுத் தள்ளித் தள்ளிக் குட்டி போடும். தாய் போனாலும் குட்டி பிழைத்திருக்கக்கூடும்.

மற்ற நான்கும் பிழைக்கும். மூடாக்கைக் கொண்டையிலிருந்து ஒரு கையகலம் விலக்குங்கள். பூவாளியை விட்டுவிட்டு, சொட்டும் குழாயைச் சுற்றிப்போட்டு ஒரு சாண் ஆழம் நனையும்வரை மெல்ல நீர் விடுங்கள். அடிக்கடி மேலாக நனைப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பது மேல். ஆனாலும் பிர்ச் வேரோடு போட்டியிட்டு இது வெல்லாது. தோட்டத்தில் மழைநீர் வடிந்து தங்கும் தாழ்வான நிழல் உண்டா?

நிழல்தோட்டம்:
வேலியோரம் ஒரு பள்ளம் இருக்கிறது, எப்போதும் நசநசவென்று இருக்கும். அங்கே எதுவும் சரியாக வராததால் விட்டுவைத்திருந்தேன். இப்போதே மாற்றிவிடட்டுமா?

ஈரமண்:
அதுதான் இதற்கு வீடு! ஆனால் இந்தக் கோடையில் தோண்டாதீர்கள். அடுத்த வசந்தத்தின் தொடக்கத்தில், சுருள் எழும்புவதற்கு முன் மாற்றுங்கள். மண்ணில் இலைமட்கு தாராளமாகக் கலந்து, கொண்டை மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு, செடிக்குச் செடி முக்கால் மீட்டராவது விட்டு நடுங்கள். ஈரம் கிடைத்தால் வேகமாகப் பரவும், அருகில் சிறு செடிகளை வைக்காதீர்கள். பிர்ச் அடியில் பெரணியே வேண்டுமென்றால் டிரையோப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ் வையுங்கள். வேரூன்றிய பிறகு வறண்ட நிழலை அது எவ்வளவோ பொறுத்துக்கொள்ளும்.

நிழல்தோட்டம்:
மிக்க நன்றி. கருகிய மட்டைகளை இப்போது வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்குமா?

ஈரமண்:
பெரும்பாலும் துளிர்க்காது. ஆண்டுக்குரிய மட்டைகளை வசந்தத்தில் ஒரே வீச்சில் விட்டுவிடும் செடி இது. பாதி பச்சை இருந்தாலும் விட்டுவையுங்கள், அடுத்த ஆண்டுச் சுருளுக்கான உணவு அதிலிருந்துதான் சேர்கிறது. காய்ந்து விழுந்தவையும் அப்படியே கிடக்கட்டும், கொண்டைக்குப் பனிக்காலப் போர்வையாகும். வசந்தத்தில் செடியை மாற்றும்போது அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.