கடனுக்காக எழுதிக் கொடுத்த கிரயம்: வாய்ப்பேச்சு கோர்ட்ல நிக்குமா?

மஞ்சக்காணி: மாமனார் 4 லட்சம் கடன் கேட்டப்ப, அடமானம் வேணாம் கிரயமாவே எழுதிக்குடுங்க, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தரேன்னு சொல்லி ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டாங்க. இப்ப பணத்தோட போனா கடன் குடுத்தவரு இடம் என்னுதுங்கறாரு. பேசினப்ப கூட இருந்தவங்க ரெண்டு பேரு சாட்சி சொல்ல ரெடி. கேஸ் போடலாமா?

பத்திரப்புலி: வேஸ்ட். பழைய சாட்சியச் சட்டம் 92-வது பிரிவு, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 95-வது பிரிவு. எழுத்துல இருக்கறதுக்கு மாறா வாயால பேசினோம்னு எழுதிக்கிட்டவங்களே சொல்ல முடியாது. ரெண்டு சாட்சிய கூட்டிவந்து கிரயத்த கவுக்கலாம்னா ஊர்ல எவன் நிலம் வாங்குவான்?

கோர்ட்வாசல்: பத்திரத்துல உள்ள ஷரத்த, அதாவது கண்டிஷன, மாத்தத்தான் தடை. இது கிரயமாவே நடக்கல, சும்மா பேருக்கு எழுதினதுன்னு சொல்ல வாய்மொழி சாட்சியம் வரும்னு சுப்ரீம் கோர்ட்டே கங்காபாய் எதிர் சபுபாய் கேஸ்ல சொல்லிருக்கு, 1982 ரிப்போர்ட்.

பத்திரப்புலி: அதெல்லாம் வார்த்தை ஜாலம் சார். "திருப்பி எழுதித் தரேன்னான்" அப்படிங்கறதே ஒரு ஷரத்துதானே? கிரய அடமானம்னா, அதாவது கடன கட்டினா இடம் திரும்பி வரும்கற கிரயம்னா, அந்த கண்டிஷன் அதே பத்திரத்துல இருக்கணும், சொத்து மாற்றுச் சட்டம் 58(சி) படிங்க.

கோர்ட்வாசல்: கரெக்ட், அதனாலதான் அடமானம்னு வாதாடினா தோத்துடுவாங்க, அப்படி பிராது எழுதற வக்கீலும் இருக்காங்க. கிரயம் நடக்கவே இல்லன்னுதான் போகணும். மஞ்சக்காணி, வட்டி எப்படி கட்டினீங்க? வீட்ல யாரு இருக்கா?

மஞ்சக்காணி: மாசம் 8,000 ஜிபேல போகும், ரெண்டு வட்டி. மாமனார்தான் இருக்காரு, ஈபி கார்டு, வீட்டு வரி, பட்டா எல்லாம் இன்னும் அவர் பேருதான்.

கோர்ட்வாசல்: இடத்த வித்தவன் வாங்கினவனுக்கு மாசாமாசம் எதுக்குங்க 8,000 அனுப்பறான்? வாடகைன்னு சொல்வாரு, வாடகை ஒப்பந்தம் எங்கன்னு கேளுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வைங்க, அன்னைக்கு கைட்லைன் மதிப்பு, அதாவது அரசு வெச்ச மதிப்பு, என்னன்னும் பாருங்க, 4 லட்சத்த விட ரொம்ப மேல இருந்தா அதுவும் பேசும்.

பத்திரப்புலி: பாத்தீங்களா, கடைசில நீங்களும் பேப்பர்தான் கேக்கறீங்க, அந்த ரெண்டு சாட்சி எங்க போச்சு?

கோர்ட்வாசல்: சாட்சி சொல்றதுக்கு பேப்பர் முட்டுக் கொடுக்குது, அவ்ளோதான். பத்திரம் மட்டும்தான் பேசும்னா அந்த ஸ்டேட்மென்ட்ட கூட கோர்ட் பாக்கக்கூடாதே. ஆனா நிரூபிக்கற பாரம் மாமனார் மேலதான், லேசில்ல.

பத்திரப்புலி: அது ஒத்துக்கறேன். அதுக்குள்ள கடன் குடுத்தவரு மூணாவது ஆளுக்கு வித்துட்டா?

கோர்ட்வாசல்: அதான் பயம். தம்பி, முதல்ல வக்கீல பிடிச்சு தடையுத்தரவுக்கு மனு போடுங்க. கேஸ் போடறதுக்கான 3 வருஷ கெடு (லிமிட்டேஷன்) எப்ப ஓட ஆரம்பிச்சதுன்னு எதிர்க்கட்சி கண்டிப்பா கிளப்பும், அவரு தரமாட்டேன்னு சொன்ன தேதிய இப்பவே குறிச்சு வைங்க.